ஆடிக்காற்றுக்குத் தயார் செய்த இரண்டு சைக்கிள்கள்

எனக்கு எழுதிப் பழக்கம் கிடையாது. மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை போனேன், அதோடு சரி. பிழை இருக்கும். முன்னால் நடந்ததைப் பின்னாலும் பின்னால் நடந்ததை முன்னாலும் சொல்லிவிடுவேன். மறதியும் வந்துவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள். நேரில் வந்து பேசச் சொன்னீர்கள். நாலு பேர் உட்கார்ந்திருக்கிற இடத்தில் எனக்கு வாய் வராது. கடை நடத்திய காலத்திலேயே, வாடகைக்குச் சைக்கிள் கேட்டு ஆள் வந்தால் தட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். அதனால்தான் எழுதிக் கொடுக்கிறேன்.

நீங்கள் எல்லாரும் இந்த வேலைக்குப் புதிது. பந்தயத்துக்குப் போகிற பிள்ளைகளின் சைக்கிளைச் சரிபார்த்துக் கொடுக்கிறீர்கள். இந்த வருஷப் பந்தயத்தை ஆடியில் வைத்துவிட்டார்கள், காற்றுக்கு என்ன செய்யலாம் என்று கேட்டீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன். அதைக் கேட்டு என்ன ஆகப்போகிறது என்று எனக்கே தோன்றுகிறது. ஆனாலும் கேட்டுவிட்டீர்கள்.

அருப்புக்கோட்டையில் எங்களுக்கு வாடகை சைக்கிள் கடை இருந்தது. முன்னால் என் வீட்டுக்காரர். தட்டிக்குப் பின்னால் நான். சக்கரத்துக்குப் போக்ஸ் கம்பி கோத்து, கோட்டம் எடுப்பது என் வேலை. பொம்பளை கட்டிய சக்கரம் என்று தெரிந்தால் ஆள் ஏற மாட்டான் என்பதால் அதை யாரிடமும் சொல்வதில்லை.

முதலில் சட்டையைச் சொல்லிவிடுகிறேன். மறந்துபோவேன். ஒரு வருஷம் மல்லாங்கிணற்றுக்காரர் ஒருவர் பந்தயத்துக்கென்றே புதிதாக ஜிப்பா தைத்துப் போட்டுக்கொண்டு வந்தார். நல்ல ஓட்டக்காரர். திரும்பி வரும்போது எதிரே அடித்த மேல்காற்று கழுத்து வழியாக உள்ளே போய் ஜிப்பா மூட்டை மாதிரி உப்பிவிட்டது. ரோட்டோரம் நின்றவர்கள், "ஏலே, இவன் சைக்கிள் ஓட்டுறானா, கப்பல் ஓட்டுறானா?" என்று சிரித்தார்கள். அவர் அழுதுகொண்டே மிதித்தார். அதற்குப் பிறகு நான் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். முதல் நாள் சாயங்காலம் ஓட்டுகிறவரைச் சட்டையைப் போட்டு, சைக்கிளில் குனிந்து உட்காரச் சொல்வேன். குனிந்த உடம்புக்கு எங்கே துணி மிஞ்சுகிறதோ அங்கே ஊசி போட்டுப் பிடித்துவிடுவேன். நிற்கும்போது பிடித்துத் தைத்தால் குனியும்போது கிழியும். இதை நீங்களும் செய்யுங்கள்.

இனி அந்தப் பந்தயம். உலகச் சண்டை முடிந்து, டயரும் டியூபும் மறுபடி கண்ணில் படத் தொடங்கிய சமயம். நாற்பத்தாறு என்று நினைக்கிறேன். ஆடி மாதம். ஒரு மில்லில் பந்தயம் அறிவித்தார்கள். அருப்புக்கோட்டையில் கிளம்பித் திருச்சுழி போய், குண்டாற்றங்கரையில் திரும்பி, மறுபடி அருப்புக்கோட்டை வர வேண்டும். முதலில் வருகிறவனுக்குக் கப்பு. மில்லில் நிரந்தர வேலையும் உண்டு. அவன் வேலை வேண்டாம் என்றால் அடுத்து வருகிறவனுக்கு வேலை.

எங்கள் கடை சார்பில் இரண்டு பேர். இரண்டு பேருக்கும் ஒரே ஊர். திருச்சுழி ரோட்டிலேயே இருக்கிற ஊர். பெயர் எழுத மாட்டேன். அங்கே அவர்கள் வீட்டு ஆட்கள் இன்னமும் இருப்பார்கள்.

ஒருவர் சீனிச்சாமி. பெரிய தெருவில் காடு கரை உள்ள வீட்டுப் பிள்ளை. அவருக்கு வேலை எதற்கு? கப்பு போதும், அதைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் போக வேண்டும், அவ்வளவுதான் ஆசை. இன்னொருவர் சாலமோன். ஊரின் கடைசித் தெரு. எங்களைப் போல வேதக்காரர், ஞாயிற்றுக்கிழமை ஒரே கோயிலுக்கு வருவார். ஆனால் அந்த ஊரில் அவர் சாதிக்கு என்ன மரியாதையோ அதுதான் அவருக்கும். சீனிச்சாமியின் சித்தப்பா வீட்டுப் பண்ணையில் அவரும் அவர் அப்பாவும் வேலை பார்த்தார்கள். பருத்தி வண்டியோடு டவுனுக்கு வருகிற நாட்களில் எங்கள் கடையில் சைக்கிள் துடைத்துக் கொடுத்து, ஓட்டப் பழகியவர். அவர் மனைவி அப்போது பிள்ளை உண்டாகியிருந்தாள். ஒரு நாள் டியூபுக்குக் காற்றடித்துக்கொண்டே சொன்னார்:

"அக்கா, இந்தப் பிள்ளையாவது பண்ணையில சாணி அள்ளாம இருக்கணும். மில்லுல வேல கெடச்சா குடும்பத்தோட இங்க வந்துருவேன்."

அதனால் என் வீட்டுக்காரர் போட்ட கணக்கு எளிது. முதல் இரண்டு இடமும் நம் கடைக்கு வர வேண்டும். யார் முந்தினாலும் சரி, கப்பு சீனிச்சாமிக்கோ சாலமோனுக்கோ, வேலை சாலமோனுக்கு.

அதற்கு ஒரு தடை இருந்தது. அந்த ஊரில் பெரிய தெருவும் ரோடும் ஒன்றுதான். சாலமோன் தெரு ஆட்கள் அந்தத் தெருவில் சைக்கிளில் ஏறிப் போகக் கூடாது. ஒரு முனையில் புளியமரம், மறு முனையில் கிணறு. திருச்சுழியிலிருந்து வந்தால் புளியமரத்தடியில் இறங்கி, தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து, கிணறு தாண்டிய பிறகுதான் ஏற வேண்டும். இந்தப் பக்கமிருந்து போனால் கிணற்றடியில் இறங்கி, புளியமரம் தாண்டித்தான் ஏற வேண்டும். பந்தயத்தில் இறங்கி நடந்தால் என்ன ஆகும்?

என் வீட்டுக்காரர் அந்த ஊருக்குப் போய்ப் பெரிய மனிதர்களைப் பார்த்துக் கேட்டார். சீனிச்சாமியின் சித்தப்பாதான் பதில் சொன்னாராம்.

"பந்தயங்கிறீக. அதிகாரிமாரும் வாராக. நம்ம ஊர்ப் பேரும் அடிபடும். சரி, அன்னைக்கி ஒரு நா ஏறிக்கிட்டுப் போகட்டும்யா. அன்னைக்கி மட்டுந்தான்."

வீட்டுக்காரர் சந்தோஷமாக வந்தார். "மனுசன் ஒரே பேச்சுல சம்மதிச்சுட்டாரு" என்றார். அன்று எங்கள் வீட்டில் கறிக்குழம்பு.

பிறகு காற்றுக்கான வேலை. இந்தப் பக்கத்துக் காற்று உங்களுக்குத் தெரியும். ஆடியில் விடியும்போது ஓலை அசையாது. வெயில் ஏற ஏற மேற்கிலிருந்து எழும். கரிசல் காட்டில் தடுக்க ஒன்றும் கிடையாது. திருச்சுழிக்குப் போகும்போது முதுகில் தள்ளும், வரும்போது நெஞ்சில் அடிக்கும். மட்கார்டு, கேரியர், செயின் கவர் எல்லாவற்றையும் கழற்றினோம். ஹேண்டில்பாரைத் தலைகீழாகத் திருப்பி மாட்டினோம், ஆள் நன்றாகக் குனிய வேண்டும் என்று. பின் சக்கரத்துக்குப் பல் அதிகமுள்ள ஃபிரீவீல் போடுவதா வேண்டாமா என்று வீட்டுக்காரர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பெரிய பல் என்றால் எதிர்காற்றில் மிதிக்க லேசு. ஆனால் போகும்போது எவ்வளவு மிதித்தாலும் வேகம் வராது, மற்றவர்கள் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். கடைசியில், "போறப்ப தோத்துக்கலாம். வாரப்பதான் பந்தயம்" என்று சொல்லிப் பெரிய பல்லையே போட்டார். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்த மூன்று பேர் அதைப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணாச்சி, இதை வச்சுக்கிட்டுத் திருச்சுழிக்கு நாளான்னைக்கிப் போய்ச் சேருவீகளா?" என்றார்கள். அவர் சிரித்துக்கொண்டார்.

எல்லாவற்றையும்விடப் பெரிய மருந்து ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டிப் போவது. என் வீட்டுக்காரர் இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொன்னார்: "முன்னால போறவன் காத்தைக் குடிக்கிறான். பின்னால வாரவன் ஓசியில வாரான். மாறி மாறிப் போனாத்தான் ரெண்டு பேரும் வந்து சேருவீக."

சீனிச்சாமி நல்ல பிள்ளை, நான் குறை சொல்ல மாட்டேன். "அப்ப நான் ஓசியில வாரேன். நீ முன்னால போலே" என்றார்.

"எங்க தெருக்காரன்ட்ட ஓசி கேட்ட மொத மொதலாளி நீங்கதான் சாமி" என்றார் சாலமோன்.

"சாமி பூமின்னா மிதிச்சுத் தள்ளிருவேன். பேரச் சொல்லுலே."

அவர் பெயர் சொல்லவில்லை. ஆனால் சிரித்தார். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

தினமும் விடியலில், பண்ணை வேலைக்கு முன்னால் பழகுவார்கள். சக்கரத்துக்கும் சக்கரத்துக்கும் ஒரு சாண்தான் இடைவெளி. அவ்வளவு நெருக்கமாக, பேச்சு இல்லாமல் முழங்கையை அசைத்தே இடம் மாற்றிக்கொள்ளப் பழகிவிட்டார்கள். ஊர் வந்ததும் சாலமோன் இறங்குவார். துண்டை இடுப்பில் கட்டி நடப்பார். சீனிச்சாமி மெதுவாக ஓட்டிப்போய் மறு முனையில் நிற்பார். மறுபடி ஏறிப் பழகுவார்கள். ஊர்க்காரர்கள் அன்றைக்கு மட்டும் என்றுதானே சொல்லியிருந்தார்கள். பந்தயம் வருவதற்குள் வம்பு வேண்டாம் என்று நாங்களும் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

பந்தயத்தன்று நான் மாட்டுவண்டியில் முன்னாலேயே போய்க் கிணற்றடியில் நின்றேன். நான் கட்டிய மாற்றுச் சக்கரம் ஒன்று, ஒரு குடம் தண்ணீர். எதிர்காற்றில் ஊரைத் தாண்டி வருகிற இடத்தில்தான் ஆளுக்கு மூச்சு முட்டும், அங்கே நம் ஆள் ஒருவர் நிற்க வேண்டும் என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். விடிந்ததும் கிளப்ப வேண்டிய பந்தயம். கொடி அசைக்க வர வேண்டிய அதிகாரி நேரத்துக்கு வரவில்லையாம். வெயில் ஏறியது. முதலில் பனை ஓலை சலசலத்தது. பிறகு காட்டிலிருந்து புழுதி கிளம்பியது. பிறகு என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதாகிவிட்டது. கிளம்புகிற இடத்தில் மற்ற கடைக்காரர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்களாம். எனக்குச் சந்தோஷம். இந்தக் காற்றுக்காகத்தானே அத்தனையும் செய்தோம்.

போகும்போது எல்லாரும் ஒரே கூட்டமாக வந்தார்கள். முதுகில் காற்று, தலை தெரியாத புழுதி. தெருவில் இரண்டு பக்கமும் ஆட்கள். கூட்டத்தின் நடுவில் சாலமோன் இருந்தார். இறங்கவில்லை. யாரும் கவனிக்கவும் இல்லை. வந்த வேகத்தில் புளியமரத்தைத் தாண்டிப் போய்விட்டார்கள். நான் வெட்கத்தை விட்டுக் கைதட்டினேன். இனிமேல் ஒன்றுமில்லை என்று நினைத்தேன்.

திரும்பி வரும்போது முதலில் தெரிந்தது எங்கள் இரண்டு சைக்கிள்தான். சாலமோன் முன்னால், சீனிச்சாமி பின்னால், ஒரு சாண் இடைவெளி. விருதுநகர்க்காரர்கள் தூரத்தில் புழுதியாகத் தெரிந்தார்கள். பெரிய பல் வேலை செய்திருந்தது. நான் தைத்த சட்டை உடம்போடு ஒட்டிக் கிடந்தது, ஒரு இடம்கூட உப்பவில்லை. கிணற்றடியிலிருந்து பார்த்தால் தெரு நேராகத் தெரியும். எதிர்காற்றில் அவர்கள் மெதுவாகத்தான் வர முடியும். யார் முகம் என்று எல்லாருக்கும் தெரியும்படி மெதுவாக.

புளியமரத்தடியில் சீனிச்சாமியின் சித்தப்பா நின்றார். அவர் போட்ட சத்தம் காற்றையும் மீறி எனக்குக் கேட்டது.

"ஏலே சீனி! பண்ணையாள் குண்டிக்குப் பின்னாலயா வாரே? நம்ம தெருவுக்குள்ளயா?"

ஆட்கள் சிரித்தார்கள். சீனிச்சாமி தலையை இன்னும் தாழ்த்திக்கொண்டார். பிறகு சடாரென்று வலது பக்கம் விலகி, எழுந்து நின்று மிதித்தார். சாலமோனை முந்திக்கொண்டு தனியாகக் காற்றுக்குள் போனார்.

சாலமோன் அவர் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கலாம். அதைத்தான் பழகியிருந்தார்கள். முன்னால் போனவருக்குப் பின்னால் அந்த ஒரு சாணைப் பிடித்திருந்தால் போதும். ஆனால் அவர் மரத்தடியில் நின்ற சித்தப்பாவின் முகத்தைப் பார்த்தார். பார்த்ததும் இறங்கிவிட்டார்.

யாரும் இறங்கச் சொல்லவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இடது காலைத் தரையில் ஊன்றி, வலது காலைச் சுற்றி எடுத்து, தினமும் இறங்குகிற மாதிரியே இறங்கினார். வலது கை தோளுக்குப் போனது. அங்கே துண்டு இல்லை. பந்தயச் சட்டைதான் இருந்தது. இல்லாத துண்டைக் கை கொஞ்ச நேரம் தேடியது. பிறகு இடுப்புக்கு வந்து நின்றது. அப்படியே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார்.

"சாலமோன், ஏறுங்க! ஏறுங்க!" என்று கத்தினேன். என் வாழ்நாளில் அவ்வளவு சத்தமாகக் கத்தியதில்லை. எதிர்காற்று அவருக்குத்தான், எனக்கு முதுகில்தான் அடித்தது. சத்தம் அவருக்குக் கேட்டிருக்கும். நடந்துதான் வந்தார். வேகமாகக்கூட நடக்கவில்லை. விருதுநகர்க்காரர்கள் மூன்று பேரும் ஒருவர் பின்னால் ஒருவராக, எங்கள் வீட்டுக்காரர் சொல்லிக்கொடுத்த மாதிரியே, அவரைத் தாண்டிப் போனார்கள்.

கிணற்றடிக்கு வந்ததும் நின்றார். தண்ணீர் கொடுத்தேன். வாங்கவில்லை.

"ஏன் இறங்குனீங்க? ஏறிப் போகலாம்னு சொல்லிட்டாகல்ல?"

"யாரும் இறங்கச் சொல்லலக்கா. நானும் இறங்கணும்னு நெனைக்கல. தரையில நிக்கையிலதான் எனக்கே தெரிஞ்சுச்சு."

"பரவாயில்ல, ஏறுங்க. இன்னும் ரோடு கெடக்கு."

ஏறினார். நின்ற இடத்திலிருந்து அந்தக் காற்றில் தனி ஆளாகக் கிளப்புவது என்றால் என்னவென்று ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சைக்கிள் ஆடியது. சக்கரத்தில் கோட்டம் இல்லை, அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். புழுதியில் முதுகு மறைகிற வரை பார்த்தேன்.

சீனிச்சாமியும் கரை சேரவில்லை. தனியாகக் காற்றைக் குடித்துக் குடித்து வழியிலேயே ஓய்ந்துவிட்டார். விருதுநகர்க்காரர்கள் ரோட்டோரம் நின்ற அவரையும் தாண்டிப் போயிருக்கிறார்கள். கப்பும் போனது. வேலையும் போனது.

மறுநாள் என் வீட்டுக்காரர் அந்த ஊருக்குப் போய்ச் சித்தப்பாவிடம் கேட்டிருக்கிறார். "ஏறிக்கிறட்டும்னுதானய்யா சொன்னோம்? யாரு அவனை எறங்கச் சொன்னது?" என்றாராம். அது உண்மைதான். இவர் திரும்பி வந்து அந்த ஃபிரீவீலைக் கழற்றிப் பழைய சாமான்களோடு போட்டார். அதற்குப் பிறகு எங்கள் கடை எந்தப் பந்தயத்துக்கும் ஆள் அனுப்பவில்லை.

சீனிச்சாமி ஒரு நாள் கடைக்கு வந்து வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். "ஒரு தெருவு நீளம். அம்புட்டுத்தான மதினி? கண்ணை மூடிக்கிட்டு அவன் பின்னாலயே வந்திருக்கலாம்" என்றார். நான் தட்டிக்குப் பின்னால் இருந்தேன். இவர் பின்னாலேயே வராமல் போனதாலா சாலமோன் இறங்கினார்? வந்திருந்தாலும் இறங்கியிருப்பாரோ என்னவோ.

சாலமோன் பந்தயத்தன்று பொழுது சாயும் முன்னால் வந்தார். சைக்கிளைத் துடைத்தார். ஹேண்டில்பாரைக் கழற்றி நேராக மாட்டினார். மட்கார்டையும் கேரியரையும் அவரே மாட்டினார். நான் போட்ட தையலைப் பிரித்துக் கொடுத்தேன். "வாரேன்க்கா" என்று சொல்லிவிட்டு நடந்தே போனார். பிறகு வரவில்லை. கோயிலுக்கும் வரவில்லை. பிள்ளை பிறந்தது என்று பருத்தி வண்டியோடு வந்த வேறு ஒருவர் சொன்னார். ஆணா பெண்ணா என்று கேட்கத் தோன்றவில்லை. பிறகு, குடும்பத்தோடு சிலோன் தோட்டத்துக்குப் போய்விட்டார்கள் என்று ஒருவர் சொன்னார். இல்லை, அதே பண்ணையில்தான் என்று இன்னொருவர் சொன்னார்.

உங்களுக்கு இதில் என்ன சொல்ல? சட்டையைத் தையுங்கள். ஃபிரீவீலை யோசித்துப் போடுங்கள். பந்தயத்தன்று எப்படி ஓட வேண்டுமோ அப்படியே முழு ரோட்டிலும் பழகச் சொல்லுங்கள், ஒரு இடம்கூட விடாமல். மூச்சு முட்டும்போது உடம்பு பழகியதைத்தான் செய்யும். நாங்கள் சாலமோனை ஓட்டப் பழக்கினோம், தினமும் இறங்கவும் பழக்கினோம். இப்படிச் சொன்னால் புத்திமதி மாதிரி இருக்கிறது. ஆனால் நாங்கள் எப்படிப் பழகியிருக்க முடியும்? அன்றைக்கு மட்டும் என்றுதானே சொன்னார்கள். அதற்கு முன்னால் அவர் பிறந்ததிலிருந்து இறங்கிய நாட்கள் எல்லாம் இருக்கிறதே, அதை எந்தக் கடையில் கழற்றுவது? இத்தனை வருஷம் யோசித்தும் எனக்கு விடை கிடைக்கவில்லை. உங்களுக்குக் கிடைத்தால் எனக்குச் சொல்ல வேண்டாம், வேறு யாருக்காவது உதவட்டும்.

இதில் தப்பு இருக்கலாம், யாராவது சரிபார்த்துவிடுங்கள். வருஷம் நாற்பத்தாறுதானா என்று பெரியவர்கள் யாரையாவது கேளுங்கள். புளியமரம் திருச்சுழிப் பக்கம், கிணறு நம் பக்கம் என்று எழுதியிருக்கிறேன். அதுவும் மாறியிருக்கலாம். நான் அந்த ரோட்டில் பிறகு போகவே இல்லை. உங்களில் சாலமோன் தெரு மாதிரித் தெருவிலிருந்து வந்த பிள்ளை யாராவது இருந்தால், ஊர்ப் பெயரைக் காதோடு சொல்கிறேன். ஒரு தடவை சைக்கிளில் போய்ப் பாருங்கள். மரத்துக்கும் கிணற்றுக்கும் நடுவில் இறங்காமல் போக முடிந்ததா என்று மட்டும் எனக்கு வந்து சொன்னால் போதும்.